மில்லிங் மெஷினில் த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும்: அளவெடுப்பதிலிருந்து முதல் வெட்டு வரை

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் போட்ட மில்லிங் மெஷினில் ஒரு ஃபினிஷிங் கட் எடுத்து, அந்தப் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கட்டர் பல்லின் தடத்தோடு பொருந்தாத மெல்லிய அலை ஒன்று சில நேரம் அதில் ஓடும். பேரிங்கை மாற்றி, பெல்ட்டை மாற்றி, கிப்பை (மேசையின் ஆட்டத்தைச் சரிசெய்யும் தகடு) இறுக்கி எல்லாம் பார்த்தும் அது போகவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகப்படலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் முறுக்குவிசை வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது, அந்தத் துடிப்பு பெல்ட் வழியாக ஸ்பிண்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் இறங்கும்போது இன்னொன்று ஏறிக்கொண்டிருப்பதால் விசை சீராக வருகிறது. த்ரீ ஃபேஸ் மோட்டாரையும், அதைச் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்திலேயே ஓட்டும் வி.எஃப்.டி.யையும் (வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ், சுருக்கமாக டிரைவ்) போட்டபின் என் மெஷினில் முதலில் கவனித்தது வேகக் கட்டுப்பாட்டை அல்ல, அந்த அமைதியைத்தான்.

ஆனால் பெரும்பாலோரை இழுப்பது, ஒரு குமிழியைத் திருகினால் வேகம் மாறும் என்பது. அது உண்மைதான், அருமையான வசதியும்கூட. அந்த வசதியை நம்பி பெல்ட்டையும் கியரையும் இனி தொடவே வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அதனால் வயரிங்குக்கு முன்னால் அதையே பேசிவிடலாம்.

டிரைவ் தருவதும் தராததும்

வி.எஃப்.டி. உள்ளே நடப்பது இரண்டு வேலை. வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி கெப்பாசிட்டர்களில் சேர்க்கிறது (அங்கே சுமார் 325 வோல்ட் நிற்கும், இந்த எண்ணை மறக்காதீர்கள்). அப்புறம் அந்த டி.சி.யை ஆறு டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, நாம் கேட்கும் ஹெர்ட்ஸில் மூன்று ஃபேஸாக வெளியே அனுப்புகின்றன. உள்ளே போகும் வோல்டேஜைவிட அதிகமாகச் சாதாரண டிரைவால் வெளியே தர முடியாது. 230 வோல்ட் உள்ளே போனால் த்ரீ ஃபேஸும் 230 வோல்ட்தான். மோட்டார் தேர்வு முழுவதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் நடக்கும்.

50 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிரைவ் ஹெர்ட்ஸையும் வோல்டேஜையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. 25 ஹெர்ட்ஸில் 115 வோல்ட். முறுக்குவிசை அப்படியே இருக்கும், ஆனால் வேகம் பாதியானதால் பவரும் பாதி. புல்லியில் வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசை பெருகும், டிரைவில் குறைத்தால் பெருகாது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் கட்டர் ஸ்டீலைத் தொடும்போது இதுதான் எல்லாம்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 63 மி.மீ. கார்பைடு ஃபேஸ் மில், மைல்ட் ஸ்டீல், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர் என்று வைத்தால் ஸ்பிண்டில் சுமார் 600 சுற்று ஓட வேண்டும். மோட்டார் 1.5 கிலோவாட். பெல்ட் 2000 சுற்று நிலையில் கிடக்கிறது, சோம்பல்பட்டு அதை மாற்றாமல் டிரைவை 15 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 600 கொண்டுவருகிறீர்கள் என்றால் கையில் இருப்பது 0.45 கிலோவாட் மட்டும். கட்டர் திணறும், மோட்டார் சூடாகும். அதே வேலைக்கு பெல்ட்டை 900 சுற்று நிலையில் போட்டு 33 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 1 கிலோவாட் கிடைக்கும். ஒரு பெல்ட் மாற்றத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

50 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் கதை வேறு. வோல்டேஜ் ஏற இடமில்லை, அதனால் முறுக்குவிசை குறைந்துகொண்டே வரும், 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பாதி. சின்ன எண்ட் மில்லுக்கு வேகம்தான் வேண்டும், முறுக்குவிசை பெரிதாகத் தேவையில்லை என்பதால் இது நமக்கு ஒத்துவரும்.

என் அனுபவத்தில் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் நிலைகள் 300, 900, 2000 என்று இருந்தால் முதலாவது 120 முதல் 480 வரையும், இரண்டாவது 360 முதல் 1440 வரையும், மூன்றாவது 800 முதல் 3200 வரையும் கொடுக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது, இடைவெளியே இல்லை. மூன்றாவதில் மேல்முனை வரை போகும் முன் ஸ்பிண்டில் பேரிங் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதை மெஷினின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

மோட்டார்: நேம் பிளேட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்

நேம் பிளேட்டில் 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார் (மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளை இணைக்கும் இரண்டு முறைகள்) என்று இருக்க வேண்டும். 220/380, 240/415 என்று இருந்தாலும் அதே அர்த்தம்தான். சிறிய எண் டெல்டா இணைப்புக்கு, பெரிய எண் ஸ்டாருக்கு. 230 வோல்ட் டிரைவோடு டெல்டாவில்தான் இணைக்க வேண்டும். டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு முனைகள் இரண்டு வரிசையில் இருக்கும். மேலும் கீழுமாக மூன்று தகடுகள் நின்றால் டெல்டா, ஒரே வரிசையில் மூன்று முனைகளையும் தகடு சேர்த்தால் ஸ்டார். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஸ்டாரில்தான் வரும். மாற்ற மறந்துவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் உயிரே இல்லாமல் ஓடும், லோடு வந்ததும் நின்றுவிடும்.

400/690 என்று எழுதியிருந்தால் அந்த மோட்டார் 230 வோல்ட் டிரைவுக்கு ஆகாது. மூன்று முனைகள் மட்டும் வெளியே வந்து 400 ஸ்டார் என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே வைண்டிங்கில் புதைந்திருக்கிறது. அதைத் தேடி வெட்டி ஆறு முனைகளாக வெளியே எடுக்கலாம். வைண்டிங் வேலை தெரிந்தவர் கையில் இது சாதாரண வேலை, பழக்கமில்லாதவர் கையில் ஒரு நல்ல மோட்டார் போய்விடும். சிங்கிள் ஃபேஸ் 230 வாங்கி 400 தருகிற, உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் டிரைவ்களும் உண்டு, அந்த வழியும் இருக்கிறது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் 400 வோல்ட் இருந்தால் 400 வோல்ட் டிரைவ் வாங்கி, மோட்டாரை நேம் பிளேட்டில் 400க்குச் சொன்ன இணைப்பிலேயே விட்டுவிடலாம்.

பவர்? பழைய மோட்டார் 1 எச்.பி. என்றால் 1.1 அல்லது 1.5 கிலோவாட் போடலாம். அதற்கு மேல் போகத் தோன்றும், போகாதீர்கள். பெல்ட்டும் கியரும் ஸ்பிண்டில் சாவியும் (ஷாஃப்டையும் புல்லியையும் பிணைக்கும் கீ) அந்தப் பழைய பவருக்கு வடிவமைத்தவை.

போல் (மோட்டாரின் காந்த முனை) எண்ணிக்கையில் என் தேர்வு 4 போல். ஒத்திசைவு வேகம் என்பது 120ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி போல் எண்ணிக்கையால் வகுப்பது, ஆக 50 ஹெர்ட்ஸில் 1500, லோடில் 1420 சொச்சம். பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் பெரும்பாலும் இதே வேகம்தான், அதனால் மெஷினில் ஒட்டியிருக்கும் வேக அட்டவணை அப்படியே செல்லும். 2 போல் மோட்டார் விலை குறைவு என்று வாங்கினால், அது ஏற்கெனவே 3000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுவது, 80 ஹெர்ட்ஸில் பேரிங்கும் ரோட்டர் பேலன்சும் சோதனைக்கு உள்ளாகும். 6 போல் நல்ல முறுக்குவிசை தரும், ஆனால் அதே பவருக்கு உருவம் பெரிது, எடை அதிகம். தலை சாய்கிற மெஷினில் இந்த எடை ஒரு விஷயம்.

ஃப்ரேம் அளவு முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை காகிதத்திலேயே முடிந்துவிடும். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர அளவில் 0.75 கிலோவாட் 4 போல் மோட்டார் வழக்கமாக 80 ஃப்ரேம், ஷாஃப்ட் 19 மி.மீ., சாவி 6 மி.மீ. அடுத்து 1.1 மற்றும் 1.5 கிலோவாட் 90 ஃப்ரேம், ஷாஃப்ட் 24, சாவி 8. பிறகு 2.2 கிலோவாட் 100 ஃப்ரேம், ஷாஃப்ட் 28, சாவி அதே 8. ஃப்ரேம் எண் என்பதே கால் பதியும் தளத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரையான உயரம், மி.மீ. கணக்கில். கால் வைத்தது பி3, பெரிய ஃபிளாஞ்ச் பி5, சின்ன முகப்பு ஃபிளாஞ்ச் பி14. உங்கள் மெஷினில் எது என்று பார்த்து அதே வகை வாங்குங்கள்.

பழைய த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒன்று கையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். டிரைவோடு இணைக்கும் முன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷனைப் பாருங்கள். 1 மெகாஓம் என்பது கடைசி எல்லை, பத்துக்கணக்கில் இருந்தால் நிம்மதி. டிரைவ் இணைந்திருக்கும்போது மெகர் வைக்கவே கூடாது, அந்த நொடியே டிரைவ் போய்விடும்.

டிரைவ்: கிலோவாட்டைவிட ஆம்பியர் முக்கியம்

மோட்டார் நேம் பிளேட்டில் டெல்டாவுக்கு எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து, டிரைவின் அவுட்புட் ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருப்பதை எடுங்கள். 1.5 கிலோவாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும், அந்த அளவு டிரைவ் 7 ஆம்பியர் வரை தரும். ஆனால் சிங்கிள் ஃபேஸ் பக்கத்தில் அதே டிரைவ் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 14 அல்லது 15 ஆம்பியர் இழுக்கும். பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்.

டிரைவின் இன்புட் சிங்கிள் ஃபேஸ் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் இன்புட் டிரைவைச் சிங்கிள் ஃபேஸில் ஓட்டினால் அதன் திறனில் சுமார் பாதிதான் நம்பலாம், சில டிரைவ்கள் ஃபேஸ் இல்லை என்று சொல்லி ஓடவே மறுக்கும்.

மற்றபடி சென்சார்லெஸ் வெக்டார் வசதி (மோட்டாரின் நிலையை டிரைவே கணக்கிட்டு ஓட்டும் முறை) இருந்தால் குறைந்த வேகத்தில் முறுக்குவிசை நன்றாக நிற்கும், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். உள்ளேயே இ.எம்.ஐ. ஃபில்டர் (மின் இரைச்சலைத் தடுப்பது) இருப்பதும், மோட்டாருக்கு முறுக்குவிசை போகாமல் துண்டிக்கும் சேஃப் டார்க் ஆஃப் என்ற பாதுகாப்பு இன்புட் இருப்பதும் நல்லது. பிரேக்கிங் ரெசிஸ்டருக்கான முனைகள் மில்லிங் மெஷினில் அவ்வளவு அவசியமில்லை. லேத்தில் கனமான சக் சுற்றும், இங்கே சுற்றும் எடை குறைவு.

மோட்டாரை மெஷினில் ஏற்றுவது

பழைய மோட்டாரைக் கழற்றும் முன் ஒவ்வொரு பெல்ட் நிலையிலும் ஸ்பிண்டில் வேகத்தை டேகோமீட்டர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், நாலு பக்கமும் படம் எடுங்கள். மோட்டார் புல்லியின் நடுக்கோடு ஸ்பிண்டில் புல்லியின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத் தவறாமல் குறித்துவையுங்கள். பழைய மோட்டார் கீழே இறங்கியபின் இந்த அளவைத் திரும்ப எடுக்க வழியில்லை.

துளைகள் பொருந்தவில்லை என்றால் 10 அல்லது 12 மி.மீ. தகட்டில் ஒரு அடாப்டர் பிளேட் செய்வதுதான் சுத்தமான வழி. பழைய துளைகளில் பிளேட் மெஷினோடு, புதிய துளைகளில் மோட்டார் பிளேட்டோடு. பெல்ட் இறுக்க வேண்டிய திசையில் துளையை நீளத் துளையாக்குங்கள். பிளேட்டின் தடிமன் மோட்டாரை அந்த அளவுக்கு உயர்த்தும், புல்லியை அதே அளவுக்கு ஷாஃப்டில் கீழே கொண்டுவர இடம் இருக்கிறதா என்பதைத் தகடு வெட்டும் முன் பாருங்கள்.

புல்லியின் துளை சின்னது, புது ஷாஃப்ட் பெரியது என்றால் புல்லியை லேத்தில் போர் செய்து புதிதாகக் கீவே வெட்ட வேண்டும். போர் செய்தபின் கீவேக்கு மேலே எவ்வளவு உலோகம் மிஞ்சும் என்று கணக்கிடுங்கள், அலுமினியப் புல்லியில் சாவிக்கு மேல் 5 மி.மீ.கூட நிற்காது என்றால் புது புல்லி கடைந்துகொள்வதே நல்லது. துளை பெரியது, ஷாஃப்ட் சின்னது என்றால் ஸ்லீவ் போதும். ஆனால் வெறும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சிறு இறுக்கு ஸ்க்ரூ) நம்பி ஸ்லீவைச் சுழல விடாதீர்கள், சாவி இரண்டையும் ஊடுருவி நிற்க வேண்டும். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் ஒரு அடி, அந்த அடி கிரப் ஸ்க்ரூவைச் சில வாரங்களில் தளர்த்திவிடும்.

ஏற்றியபின் புல்லியின் விளிம்பில் டயல் இண்டிகேட்டர் வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் திருப்தி. சீரான மோட்டார் வாங்கிவிட்டு ஆடுகிற புல்லியைப் போட்டால் செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு புல்லிக்கும் நேர்விளிம்பு வைத்து ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மோட்டார் செங்குத்தாக நின்று விசிறி மேலே பார்த்தால், காற்று போக இடம்விட்டு மேலே ஒரு மூடி போடுங்கள், இல்லையென்றால் இரும்புத்துகள் நேராக உள்ளே விழும்.

டிரைவுக்கு ஒரு வீடு

பெரும்பாலான டிரைவ்கள் ஐ.பி. 20, அதாவது தூசியையும் தண்ணீரையும் தடுக்காது. மெஷின் பக்கத்தில் பறப்பதோ மின்சாரம் கடத்துகிற உலோகத்தூள், கூடவே கூலன்ட். ஆகவே உலோகப் பெட்டி கட்டாயம். 1.5 கிலோவாட் டிரைவ் முழு லோடில் 60 வாட் அளவுக்குச் சூட்டை வெளிவிடும், சின்ன மூடிய பெட்டியில் அது எங்கும் போக முடியாது. ஒன்று, பெட்டியைப் பெரிதாக எடுத்து முழுவதும் மூடுங்கள். அல்லது ஃபில்டர் வைத்த விசிறி ஒன்றைக் கீழே உள்ளே ஊதும்படி வையுங்கள், உள்ளே அழுத்தம் இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழையாது. டிரைவ் செங்குத்தாக நிற்க வேண்டும், மேலும் கீழும் 10 செ.மீ. காலியாக இருக்கட்டும். வயர் நுழையும் துளைகள் பெட்டியின் அடியில் வரட்டும்.

பவர் வயரிங்

தொடங்கும் முன் ஒன்று: டிரைவை ஒருமுறை ஆன் செய்திருந்தால், மெயின் அணைத்தபின்னும் அந்த 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். 10 நிமிடம் காத்திருந்து, டி.சி. முனைகளில் மீட்டர் வைத்து இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கையை வையுங்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து வரும் நிலையான வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வரிசை இப்படி: தனி எம்.சி.பி., பூட்டக்கூடிய ஐசோலேட்டர், தேவையானால் கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்), டிரைவ், மோட்டார். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எதுவும் கிடையாது. ஸ்விட்ச், கான்டாக்டர், பிளக், பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் டிரம் ஸ்விட்ச் எதுவுமே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வயரைத் துண்டித்தால் எழும் வோல்டேஜ் டிரான்சிஸ்டர்களைக் கொல்லும். மெஷினில் இருக்கும் பழைய ஸ்விட்ச் வழியாகவே மோட்டார் லைனைக் கொண்டுபோவது மிகவும் இயல்பாகத் தோன்றும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கூலன்ட் பம்ப், விளக்கு, கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றையும் டிரைவின் அவுட்புட்டில் மாட்டக்கூடாது, அவற்றுக்கு நேரடி மெயின்.

மெயினை டிரைவின் மோட்டார் முனைகளான யு, வி, டபிள்யூவில் தவறியும் இணைக்காதீர்கள். ஆன் செய்த நொடியில் டிரைவ் முடிந்துவிடும். இணைத்தபின் ஐந்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து புதுக் கண்ணோடு மறுபடி சரிபாருங்கள்.

மோட்டார் கேபிள் நான்கு கோர் ஷீல்டு கேபிளாக இருக்கட்டும், 2.2 கிலோவாட் வரை 1.5 சதுர மி.மீ. வழக்கமாகப் போதும், நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள், ஷீல்டைச் சுருட்டி வால் போல நீட்டி ஒரு ஸ்க்ரூவில் மாட்டுவதைவிட, சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் அல்லது உலோக கிளாண்ட் பலமடங்கு மேல். மோட்டாரின் எர்த் வயர் நேராக டிரைவின் எர்த் முனைக்கு வர வேண்டும், மெஷின் பாடிக்குத் தனியாக ஒரு எர்த். பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விஷயத்தில் டிரைவ் கையேடு எந்த வகை சொல்கிறதோ அதையே போடுங்கள். பழைய ஏ.சி. வகை, டிரைவின் லீக்கேஜ் கரன்ட்டைச் சரியாக உணராது. பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை எடுத்துவிடுவதோ எர்த்தைக் கழற்றுவதோ உயிரோடு விளையாடும் காரியம்.

கன்ட்ரோல் வயரிங்

டிரைவை வாங்கிய முதல் நாள் அதன் கீபேடிலேயே ஓட்டிப் பார்ப்போம், சரி. ஆனால் தினமும் வேலை செய்யப் பெட்டிக் கதவைத் திறந்து கீபேடைத் தேட முடியாது. கை இயல்பாகப் போகும் இடத்தில், கட்டருக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு சின்ன கன்ட்ரோல் பாக்ஸ் வையுங்கள்: பச்சை ஸ்டார்ட், சிவப்பு ஸ்டாப், ஃபார்வர்டு ரிவர்ஸ் செலக்டர், வேகக் குமிழி, காளான் தலை எமர்ஜென்சி ஸ்டாப்.

வேகக் குமிழி 5 அல்லது 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், எது என்று கையேடு சொல்லும். ஒரு ஓரக்கால் 10 வோல்ட் முனைக்கு, மறு ஓரம் அனலாக் கிரவுண்டுக்கு, நடுக்கால் அனலாக் இன்புட்டுக்கு. திருகினால் வேகம் தலைகீழாகப் போனால் ஓரக்கால்களை மாற்றுங்கள். இந்த வயர்களும் ஷீல்டு கேபிளில் போகட்டும், ஆனால் இந்த ஷீல்டைப் பொதுவாக டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்வார்கள். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

ஸ்டார்ட், ஸ்டாப்புக்கு இரண்டு முறை உண்டு. டூ வயர் முறையில் ஒரு ஸ்விட்ச் மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும். கரன்ட் போய்த் திரும்ப வரும்போது அந்த ஸ்விட்ச் மூடியே இருந்தால், சில டிரைவ்கள் தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரம் கட்டரை மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். த்ரீ வயர் முறையில் ஸ்டார்ட் ஒரு நொடி அழுத்தும் பட்டன், ஸ்டாப் எப்போதும் மூடியிருக்கும் பட்டன். கரன்ட் போய் வந்தால் யாராவது ஸ்டார்ட்டை அழுத்தும் வரை மெஷின் சும்மா நிற்கும், ஸ்டாப் வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். மில்லிங் மெஷினுக்கு இது ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். பெல்ட் மூடியில் ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்து ஸ்டாப்போடு தொடராக இணைத்தால், மூடி திறந்திருக்கும்போது பட்டனுக்குப் பதில் வராது.

பழைய டிரம் ஸ்விட்சைத் தூக்கிப்போட மனமில்லாமல் சிக்னல் ஸ்விட்சாக மாற்றலாம் என்று பலர் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதன் கான்டாக்டுகள் பல ஆம்பியருக்கானவை. மேலே படியும் ஆக்சைடை அந்தப் பெரிய கரன்ட்தான் எரித்துச் சுத்தமாக வைத்திருந்தது. டிரைவ் அனுப்பும் சில மில்லிஆம்பியருக்கு அந்த வலு இல்லை. சில மாதத்தில் ஒருமுறை பிடிக்கும், ஒருமுறை பிடிக்காது. அந்தக் கைப்பிடிக்குள் சிறிய கரன்ட்டுக்கான புது மைக்ரோ ஸ்விட்சுகளைப் பொருத்திவிட்டால் தோற்றமும் மாறாது, தொல்லையும் இருக்காது.

எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சாதாரண ஸ்டாப் இன்புட்டோடு மட்டும் இணைப்பது போதாது, அது டிரைவின் மென்பொருளை நம்பி நிற்கிறது. சேஃப் டார்க் ஆஃப் இருந்தால் அதன் இரண்டு சேனல்களையும் காளான் பட்டனின் இரண்டு கான்டாக்டுகள் வழியாகக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் பட்டன், டிரைவுக்கு முன்னாலுள்ள கான்டாக்டரை விடுவிக்கட்டும். அந்தக் கான்டாக்டரை அன்றாட ஸ்டார்ட் ஸ்டாப்புக்குப் பயன்படுத்தாதீர்கள், அடிக்கடி மெயினை அணைத்து ஏற்றினால் டிரைவின் சார்ஜிங் பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பாராமீட்டர்கள்

கையேட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும், நமக்குத் தேவை இருபதுக்குள். முதலில் ஃபேக்டரி ரீசெட். அடுத்து மோட்டார் நேம் பிளேட்டில் உள்ளவை: வோல்டேஜ் 230, ஆம்பியர் டெல்டாவுக்கு எழுதியது, 50 ஹெர்ட்ஸ், வேகம் 1420 என்று இருந்தால் 1420, 1500 அல்ல. ஆம்பியரைச் சரியாகக் கொடுப்பது முக்கியம், மோட்டாரைச் சூட்டிலிருந்து காக்கும் எலக்ட்ரானிக் தெர்மல் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

குறைந்த ஹெர்ட்ஸ் 20, அதிக ஹெர்ட்ஸ் 80, ஆனால் முதல் நாள் 50இலேயே நிறுத்துங்கள். வேகமெடுக்கும் நேரம் 3 வினாடி, நிற்கும் நேரம் 3 வினாடி. கட்டளை வரும் இடம் டெர்மினல், வேகம் வரும் இடம் அனலாக் இன்புட், கன்ட்ரோல் முறை த்ரீ வயர், நிறுத்தும் முறை ராம்ப் (படிப்படியாக வேகம் குறைத்து நிறுத்துவது). கரன்ட் வந்ததும் தானாக ஓடும் வசதியும், ட்ரிப் ஆனபின் தானாக ரீசெட் ஆகும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். கேரியர் அதிர்வெண் (டிரான்சிஸ்டர்கள் வெட்டும் வேகம்) குறைவாக இருந்தால் மோட்டார் கீச்சென்று பாடும், ஏற்றினால் சத்தம் குறையும், டிரைவ் கொஞ்சம் கூடச் சூடாகும். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கிக் காதுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

வெக்டார் முறை என்றால் ஆட்டோ டியூன் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) செய்ய வேண்டும். சுழலும் ஆட்டோ டியூனுக்குப் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக விடுங்கள், லோடோடு செய்தால் தவறான அளவுகளைப் பதிந்துகொள்ளும்.

முதல் ஓட்டம்

பெல்ட் இல்லாமல், கட்டர் இல்லாமல் தொடங்குங்கள். திசை தவறாக இருந்தால் மெயின் அணைத்து, காத்திருந்து, மோட்டார் வயர் மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். இன்புட் பக்கம் மாற்றினால் எதுவும் நடக்காது. பேக் கியர் உள்ள டரெட் மில்களில் லோ கியருக்கு மாறினால் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும், அங்கே செலக்டரில் எந்தப் பக்கம் எந்தக் கியருக்கு என்று எழுதி ஒட்டுவது அவசியம்.

அப்புறம் பாதுகாப்புச் சோதனைகள். ஓடும்போது ஐசோலேட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். தானாக ஓடினால் பாராமீட்டரில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துங்கள், அசையக்கூடாது. பட்டனை விடுவித்தால் மட்டும் ஓடத் தொடங்கிவிடவும் கூடாது.

பெல்ட்டை மாட்டி, ஒவ்வொரு நிலையிலும் 20, 50, 80 ஹெர்ட்ஸில் டேகோமீட்டர் வைத்து அளந்து, முன்பு எழுதியதோடு ஒப்பிடுங்கள். கியர்ஹெட் மெஷினாக இருந்தால் எண்ணெயைக் கவனியுங்கள். கியர் எண்ணெயைத் தெளித்து மேலே உள்ள பேரிங்குக்கு அனுப்பும் அமைப்பில், ஹெர்ட்ஸ் இறங்கினால் தெளிப்பும் இறங்கும். அத்தகைய மெஷினில் 25க்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். வேரியபிள் புல்லி வைத்த மெஷினில், அந்த வேகக் கைப்பிடியை ஸ்பிண்டில் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும் என்ற பழைய விதி இப்போதும் செல்லும்.

ரிவர்ஸ் கிடைத்துவிட்டதால் டேப் போடுவது சுகமாகிவிடும்: குறைந்த வேகத்தில் உள்ளே, செலக்டரைத் திருப்பி வெளியே. ஆனால் திருகி மாட்டிய தண்டுள்ள போரிங் ஹெட்டை ரிவர்ஸில் ஓட்டினால் கழன்று பறக்கும்.

தொல்லை வந்தால்

நிற்கும்போது ஓவர் வோல்டேஜ் என்று ட்ரிப் ஆனால், சுற்றும் மோட்டார் ஜெனரேட்டராகி கெப்பாசிட்டரை நிரப்புகிறது. நிற்கும் நேரத்தை ஒரு வினாடி கூட்டுங்கள், போய்விடும். கிளம்பும்போது ஓவர் கரன்ட் என்றால் முதலில் ஸ்டார், டெல்டா தகடுகளைப் பாருங்கள், அடுத்து டார்க் பூஸ்ட் (தாழ்ந்த வேகத்தில் கூடுதலாகத் தரும் வோல்டேஜ்) அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் என் டிஜிட்டல் ரீட்அவுட்டில் (மேசையின் நகர்வை எண்ணாகக் காட்டும் திரை) எண்கள் தானாகக் குதிக்கத் தொடங்கின. ஸ்கேல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். டிரைவை அணைத்ததும் எண்கள் நின்றன. மோட்டார் கேபிளின் ஷீல்டு மோட்டார் முனையில் எர்த் ஆகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிளாம்ப் செய்து, ரீட்அவுட் கேபிளை வேறு பக்கமாகக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. ஃபெரைட் வளையம், கூடுதல் ஃபில்டர் என்று வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்.

கடைசியாகச் சூடு. மோட்டாரின் விசிறி அதன் ஷாஃப்டிலேயே இருப்பதால் 20 ஹெர்ட்ஸில் காற்று மிகக் குறைவு. முதல் வாரத்தில், கனமான வேலை ஒன்றைத் தாழ்ந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மோட்டார் உடம்பில் வெப்பமானி வையுங்கள். 70 டிகிரி வரை கவலையில்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதலில் பெல்ட்டைக் கீழ்நிலைக்கு மாற்றி ஹெர்ட்ஸை ஏற்றிப் பாருங்கள். அப்படியும் இறங்காத வேலைதான் உங்களுக்கு தினமும் என்றால், மோட்டாரின் பின்மூடியில் தனி மின்சாரத்தில் ஓடும் விசிறி ஒன்றைப் பொருத்தி, அதை டிரைவின் அவுட்புட்டில் இல்லாமல் மெயினில் இணையுங்கள்.